இருபத்து மூன்று கேள்விகள்

கடைக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.
வாங்குவதற்கு இல்லை,
வாங்க வந்தவள்போல் நடந்து காட்டுவதற்கு.

வில்லாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி
முனிச்சாலையில் மாறி
அண்ணா நகருக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிடுவேன்.
நாத்தனாரின் கைப்பையைத் தோளுக்கு ஏற்றி
மிச்ச தூரத்தை
காரை நிழலில் விட்டுவிட்டு வருபவள் நடையில்
நடக்கவேண்டும்.
புதுச்செருப்பு இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

எண்பதடி ரோட்டில் மணி ஆறரை.
கடிகாரக் கடை ஜன்னலில் மட்டும்
எல்லா முள்ளும் பத்தே பத்தில் நிற்கிறது.
அந்த நேரத்தில்தான் கடிகாரம் சிரிப்பதுபோல் இருக்குமாம்.

கேள்வி ஒன்று:
நுழைந்த முப்பது நொடிக்குள் ஊழியர் புன்னகைத்தாரா?
முதலில் சிரித்தது வாசல் காவலாளி.
அவருக்குப் படிவத்தில் கட்டமில்லை.

வாசனைக் கடையில்
வெள்ளைச் சட்டைப் பையன்
காகிதக் கீற்றை விசிறி நீட்டுகிறான்.
"நைட் ஜாஸ்மின், மேடம்.
ஜாஸ்மின்னா மல்லிகை."
மதுரையில் வைத்து, என்னிடம்.
குப்பி ஏழாயிரத்து நானூறு.
அன்றைக்கு மாட்டுத்தாவணியில் கிலோ அறுநூறு.
"சாயங்காலம் மொட்டு அவிழும் பாருங்க, அந்த நேரத்து வாசம்"
என்று கண்ணை மூடிச் சொன்னபோது
உண்மையாகவே அவனுக்கு அது பிடித்திருந்தது.
பொருளை விளக்கினாரா?
முழுமையாக.

கடைசிக் கடை, துணி.
குளிர் வெளியே கசிந்து
நடைபாதையில் ஒரு நாய் அதில் படுத்திருந்தது.
உள்ளே விலைச்சீட்டுகள் திரும்பியே தொங்குகின்றன.
திருப்பிப் பார்ப்பவளை
அவர்களுக்குத் தெரிந்துவிடும்.
நான் திருப்பவில்லை. பயிற்சி.

அவள் பெயர் வில்லையில் 'பிரீத்தி' என்றிருந்தது.
கல்லாவிலிருந்து யாரோ "ஏ பேச்சி" என்று கூப்பிட
அவள்தான் திரும்பினாள்.

நீலக் குர்தா, கழுத்தில் மெல்லிய நூல்வேலை.
கண்ணாடி முன் எனக்கு வைத்துப் பார்த்தாள்.
மேலாளர் பக்கம் ஒரு பார்வை,
பிறகு தோள் மடிப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து:
"அக்கா, இதே துணி விளக்குத்தூண்ல எண்ணூறு.
இங்க நாலாயிரத்து இருநூறு.
போயிருங்க."

கால் நோகும்போது
ஒருத்தி நம்மிடம் உண்மை பேசிவிட்டால்
என்ன செய்வது?
வாங்கினேன்.
வாங்கவேண்டும் என்பது ஒப்பந்தம்,
பணம் அவர்களுடையது,
மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்து
அதையும் சோதிக்கவேண்டும்.
அவள் என்னைப் பார்த்த பார்வையை
எந்தக் கட்டத்தில் எழுத?
பாவம், புத்தி சொல்லியும் கேட்காத பணக்காரி.

இரவு, சமையல் மேடையில் படிவம்.
கேள்வி பதினொன்று:
கூடுதலாக எதையாவது பரிந்துரைத்தாரா?
ஆம்.
பதினான்கு:
வாடிக்கையாளரின் தேவையைப் புரிந்துகொண்டாரா?
என்னைவிட.
அடித்துவிட்டு 'ஆம்' என்று திருத்தினேன்.
பத்துக்குப் பத்து போட்டால் சந்தேகம் வரும்,
ஒன்பது போட்டேன்.
எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று
இருபத்து மூன்றிலும் ஒரு கேள்வி இல்லை.

எல்லாரும் தூங்கியபின்
குர்தாவைப் போட்டுப் பார்த்தேன்.
சீட்டைப் பிய்க்கக்கூடாது,
பின்கழுத்தில் உள்ளே மடித்துவிட்டேன்.
நடுநிசிவரை தட்டுக் கழுவினேன்
கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து.
முனை உறுத்திக்கொண்டே இருந்தது,
எறும்பு மாதிரி.

மூன்றாம் நாள் அவளே இருந்தாள்.
நான் நீட்டிய பையைப் பார்த்ததும்
முதல்முறையாக, பணிக்காக இல்லாமல்
சிரித்தாள்.
"விளக்குத்தூண் போனீங்களா?"
"ம்."
திருப்புவதற்கான காரணம் கேட்டது கணினி.
இரண்டு பேரும் ஒரு நொடி
திரையையே பார்த்தோம்.

அளவு சரியில்லை
என்று தட்டினாள் பேச்சி.